ஏழாம் எண் மூக்கு

நர்ஸம்மாவின் ஒரே மகள் தன் மூக்கை மாற்றிக்கொள்ளப் போவதாக அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டின் நடுவில். தண்ணீர் ஜாடியை இப்படித் தள்ளு என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள். அம்மா வேலை பார்க்கும் அதே முகச்சீரமைப்பு மருத்துவமனையில், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியாகிவிட்டதாம். அம்மாவைக் கேட்டுவிட்டு வாங்கவில்லை, வாங்கிவிட்டுச் சொன்னாள்.

அவள் கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் பாடம் நடத்துகிறவள். ஒரு காலத்தில் வாத்தியார்கள் நாள் முழுக்கப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அலுத்துப்போனார்கள். இவளுக்கோ திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தன் முகத்தையே ஆறு மணி நேரம் பார்க்கிற தலையெழுத்து. அப்படிப் பார்த்தால் யார் முகம்தான் தேறும்? மூன்று வருஷம் பார்த்து அவள் கண்டுபிடித்தது இதுதான்: நெற்றி, கண், வாய் எல்லாம் தத்தம் இடத்தில் அடக்கமாக இருக்க, மூக்கு மட்டும் முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறது. தன் படத்தை அச்செடுத்து அதன்மேல் பாகைமானி வைத்து அளந்தும் பார்த்துவிட்டாள். கணக்கு டீச்சர் இல்லையா.

அப்பாவுக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. அவர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "யோசிச்சுச் செய்ம்மா" என்றார்.

"உங்களைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்கப்பா. உங்க மூக்கு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒத்து வரல."

நர்ஸம்மா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கண்ணாடியைச் சற்று மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, இருபத்தைந்து வருஷமாகச் செய்துவருவதையே அன்றைக்கும் செய்தார். அதாவது, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஏனென்றால் அது அவர் மூக்கே இல்லை. அவருடையது சப்பையுமில்லாத, நீளமுமில்லாத, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு சாதாரண மூக்கு. மகளுடைய மூக்குக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. மகளுடையது நர்ஸம்மாவின் மூக்கு, அச்சு அசல். இப்போது நர்ஸம்மாவின் முகத்தில் இருக்கிறதே, சின்னதாக, நேராக, நுனியில் லேசாக மேலே நிமிர்ந்து, அந்த மூக்கு இல்லை. அதற்கு முன்னால் இருந்த மூக்கு.

முப்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. நர்ஸம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. பெரிய டாக்டர் புதிதாக மருத்துவமனை திறந்து ஆள் சேர்த்தபோது முதல் நர்ஸாகச் சேர்ந்தாள். அவளுக்கு நர்ஸிங் பள்ளியில் வைத்திருந்த பெயர் கழுகு. மூக்குத்தண்டில் ஒரு மேடு, அங்கிருந்து நீண்டு இறங்கி நுனியில் ஒரு சிறு வளைவு. அந்தக் காலத்தில் அதை லட்சணமென்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. அழகு என்றால் மொட்டு மாதிரி சின்ன மூக்கு. வருகிறவர்கள் எல்லோரும் பத்திரிகையில் வெட்டியெடுத்த படத்தைக் கைப்பையிலிருந்து எடுப்பார்கள். எல்லாப் படத்திலும் அதே மொட்டு. ஆறு மாசம் அந்தப் படங்களைக் கோப்பில் ஒட்டி ஒட்டி, ஒருநாள் நர்ஸம்மா தானே டாக்டர் முன்னால் போய் நின்று, எனக்கும் செய்துவிடுங்கள் என்று கேட்டாள். யாரும் தள்ளிவிடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. கேட்டு வாங்கிய மூக்கு அது. கட்டுப் பிரித்த அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்துப் பூரித்துப்போனவள், இன்றுவரை ஒருநாளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. இதைச் சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் கதை வேறு பக்கம் போகிறதென்று நினைத்துக்கொள்வீர்கள்.

சிக்கல் பிறகுதான் வந்தது. மகள் பிறந்த மூன்றாம் நாள், கணவரின் அக்கா மருத்துவமனைத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். உறவுக்காரர்கள் தொட்டிலை எட்டிப் பார்ப்பதே, எந்த உறுப்பு யாருடையது என்று பங்கு பிரிக்கத்தானே. நெற்றி அம்மாவுக்கு, காது தாத்தாவுக்கு என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தவள் மூக்கில் வந்து திகைத்து நின்றாள். நர்ஸம்மாவின் மூக்கைப் பார்த்தாள், குழந்தையின் மூக்கைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த நர்ஸம்மாவுக்கு வியர்த்துவிட்டது. அப்போதுதான் கணவர் சட்டென்று, "என் மூக்குக்கா, பாரு, அப்படியே என் மூக்கு" என்றார். அக்காவும், அட ஆமாம், என்றாள். மனிதர்கள் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதுதான் அதிகம். அன்றிலிருந்து ஊரே அதை அப்பன் மூக்கு என்றது. பள்ளியில் மகளைக் கிளிமூக்கு என்று கூப்பிட்டபோது அவள் வீட்டுக்கு வந்து அழுதது அப்பாவிடம்தான், சண்டை போட்டதும் அவரோடுதான். அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அதுவும் ஒரு கண்ணாடிக் கதைதான். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு நர்ஸம்மா தன் முதல் மூக்குக்கண்ணாடியை அந்தக் கடையில்தான் வாங்கினாள். சிகிச்சை முடிந்து, புண் ஆறி, மறுபடி கண்ணாடியைப் போட்டபோது அது நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மூக்கில் பதிகிற இரண்டு சின்னத் தாங்கிகளையும் நெருக்கி வளைத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரமும் வழுக்கியது, போனாள். அதற்கடுத்த வாரமும். அந்தக் கேட்காத குணத்துக்காகவே அவள் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆனால் கேட்காதவர்களிடம் ஒரு தொல்லை உண்டு, நாமும் அவர்களிடம் கேட்க முடிவதில்லை. எந்த மூக்கு உங்களுக்குப் பிடித்தது என்று இருபத்தேழு வருஷத்தில் ஒருமுறைகூட அவளுக்கு வாய் வரவில்லை.

இப்போது மகள் வியாழக்கிழமை வருகிறாள். வேண்டாம் என்று சொல்ல நர்ஸம்மாவுக்கு எந்த முகம் இருக்கிறது? சொல்லாமல் விட்டால், இன்னாருடைய மூக்கென்று தெரியாமலே அந்தப் பெண் அதை மேஜைமேல் போட்டுவிட்டுப் போவாள். சொன்னால், இருபத்தைந்து வருஷப் பொய் வெளியே வரும். எப்படியும் வியாழனுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று.

இந்த இடத்தில் மருத்துவமனைச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பெரிய டாக்டர் காலத்தில் கணினிப் படமெல்லாம் கிடையாது. சிகிச்சைக்கு முன்னால் ஒரு தடவை, ஆறின பிறகு ஒரு தடவை, நோயாளியின் முகத்தை அச்செடுப்பார்கள். படுக்க வைத்து, வாயில் ஒரு உறிஞ்சுகுழலைக் கொடுத்து மூச்சுவிடச் சொல்லி, புருவத்திலிருந்து மேலுதடுவரை ஈரப் பசையைப் பூசி, அது இறுகியதும் உரித்தெடுத்து, உள்ளே பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றுவது. அது நர்ஸம்மாவின் வேலை. பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். ஒரே ஆளின் இரண்டு அச்சுக்கும் ஒரே எண் வருமென்பதால், எது முந்தையது எது பிந்தையது என்று தெரிய, மாவு காயுமுன் பின்பக்க மேல்விளிம்பில் பென்சிலைக் குத்தி எடுப்பாள். ஒரு ஓட்டை இருந்தால் சிகிச்சைக்கு முன், இரண்டு ஓட்டை இருந்தால் பின். இந்த ரகசியம் அவளுக்கும் பெரிய டாக்டருக்கும் மட்டுமே தெரியும். இருபது பேரின் அச்சுகள், ஆளுக்கு இரண்டாக, பெட்டியில் கிடந்தன. ஏழாம் எண் நர்ஸம்மா.

சமீபத்தில் பெரிய டாக்டர் ஓய்வு பெற்று, அவர் மகள் சின்ன டாக்டர் பொறுப்பேற்றதும் காத்திருப்பு அறைக்குப் புது வர்ணம் அடித்தார்கள். வெறும் சுவராக இருக்கிறதே, அப்பா செய்த மூக்குகளை வரிசையாக மாட்டினால் வருகிறவர்கள் பார்த்து ஆசைப்படுவார்கள் என்று சின்ன டாக்டருக்குத் தோன்றியது. வேலை முடிந்தவற்றை மட்டும் மாட்டச் சொல்லித் தச்சரிடம் பெட்டியைக் கொடுத்தார். நர்ஸம்மா அந்த இரண்டு நாள் விடுப்பில் இருந்தாள். தச்சர் அச்சுகளைத் திருப்பிப் பார்த்தார். பாதியில் ஒரு ஓட்டை, பாதியில் இரண்டு. ஒரு ஆணிக்கு ஒரு ஓட்டை என்பது தொழில் நியாயம். இரண்டு ஓட்டை உள்ளதெல்லாம் தப்பாகக் குத்தியது, கழித்தது, என்று அவராகவே முடிவுகட்டி, ஒரு ஓட்டை உள்ள இருபதையும் வெகு நேர்த்தியாக, நீர்மட்டம் பிடித்து மாட்டிவிட்டுப் போனார்.

நர்ஸம்மா திரும்பி வந்தபோது, கழுகு, கிழங்கு, கோணல் என்று ஒரு காலத்தில் அழுதுகொண்டு வந்த அத்தனை மூக்கும் சுவரில் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. ஏழாவது ஆணியில் அவள். வாயெடுத்துச் சொல்லத்தான் போனாள். அதற்குள் உள்ளே வந்த ஒரு இளம்பெண் நேராக ஏழாம் எண்ணின் முன்னால் போய் நின்று, இந்த மாதிரி வேண்டும் என்றாள். நர்ஸம்மாவுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் மூன்று பேர் ஏழாம் எண்ணைக் கேட்டார்கள். பதினொன்றை ஒரு பையன் கேட்டான், முப்பது வருஷத்துக்கு முன் கிழங்கு என்று பெயர் வாங்கிய மூக்கு அது. இப்போது வருகிறவர்கள் பத்திரிகைப் படம் கொண்டுவருவதில்லை. தங்கள் முகத்தையே கைபேசியில் தேய்த்து மெழுகிக் கொண்டுவருகிறார்கள். அப்படி மெழுகின முகங்கள் நூறு பார்த்தால் நூறும் ஒன்றுபோல இருக்கவே, அதில் அலுத்தவர்கள் கொஞ்சம் எலும்பு தெரிகிற மூக்கைத் தேடி வருகிறார்கள். சின்ன டாக்டருக்கோ பெருமை பிடிபடவில்லை. அப்பா அந்தக் காலத்திலேயே என்ன தொலைநோக்கோடு செய்திருக்கிறார், பாருங்கள் சிஸ்டர், என்று தினம் ஒருமுறை மெச்சினார். உண்மையைச் சொல்லவேண்டியது நர்ஸம்மாவின் கடமை. யாருக்கும் இன்னும் கத்தி வைக்கவில்லை, அதற்கு மாதக்கணக்கு இருக்கிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். நிஜம் என்னவென்றால், அவளுக்கு அது தித்தித்தது. தான் தூக்கிப் போட்டதை நாலு பேர் ஆசையாகக் கேட்பதைத் தினம் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை மகளும் அவளும் ஒரே பேருந்தில் வந்தார்கள். இறங்குவதற்குள் சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். மகள் வழியெல்லாம் காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஏதோ மாணவனுக்கு முக்கோணம் விளக்கிக்கொண்டு வந்தாள். காத்திருப்பு அறையில் அவளை உட்கார வைத்துவிட்டு உடை மாற்றப் போனாள் நர்ஸம்மா. திரும்பி வரும்போது மகள் சுவரோரமாக நின்று ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் நின்றாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். குனிந்து கீழிருந்து பார்த்தாள்.

நர்ஸம்மா கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள். கண்டுபிடித்துவிட்டாள், எல்லாம் முடிந்தது, என்று நினைத்தாள்.

மகள் திரும்பி, "அம்மா, இதும்மா. இது எவ்வளவு கம்பீரமா இருக்கு, பாரேன்" என்றாள்.

சொந்த மூக்கைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அடையாளம் தெரியவில்லை. தெரியாதுதான். அவள் தன் மூக்கைப் பார்த்ததெல்லாம் ஒரு சாண் தூரத்தில், எதையும் ஊதிக்காட்டுகிற கணினிக் காமிராவின் சின்னக் கண்ணாடிச் சில்லின் வழியாக. வெள்ளையாக, அசையாமல், கண்மூடிய ஒரு முகத்தின் நடுவே, நாலு பக்கமும் நடந்து பார்க்கும்படி அவளுக்கு யார் காட்டினார்கள்? நர்ஸம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன. பேச வாயைத் திறப்பதற்குள் சின்ன டாக்டர் கூப்பிட்டுவிட்டார்.

உள்ளே மகள் ஏழாம் எண்ணைக் கேட்டாள். அதற்கென்ன, என்று சின்ன டாக்டர் அச்சைக் கழற்றிவரச் சொல்லி மேஜைமேல் வைத்தார். இரண்டு கால் உள்ள சின்ன அளவுகோலை எடுத்து, தண்டின் உயரம், நீளம், நுனியின் அகலம் என்று அளந்து தாளின் இடப்பக்கம் எழுதினார். பிறகு மகளின் முகத்தைத் திருப்பி, அதே அளவுகோலை வைத்து, வலப்பக்கம் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாம் தடவை அளந்தபோது மகளே தாளை எட்டிப் பார்த்தாள். எண்கள் என்றால் அவளுக்கு விட்ட குறை தொட்ட குறை.

"இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒண்ணுதானே டாக்டர்" என்றாள்.

"சிஸ்டர்," என்றார் சின்ன டாக்டர், நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்து, "இந்த ஏழு யாரு?"

"நான்தான் பாப்பா" என்றாள் நர்ஸம்மா. டாக்டரை அவர் குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட பெயர் அவளை அறியாமல் வந்துவிட்டது. அதன்பிறகு அடக்க முடியவில்லை. ஓட்டைகளின் கணக்கு, தச்சரின் நியாயம், தான் இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது, முப்பது வருஷத்துக்கு முன் தானே வந்து கேட்டது, தொட்டிலோரம் கணவர் சொன்னது எல்லாவற்றையும் நின்றபடி கொட்டிவிட்டாள். சொல்லி முடித்ததும்தான் தன் கை அந்தப் பிளாஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

சின்ன டாக்டர் பாவம், அப்பாவின் தொலைநோக்கு போன துக்கத்தில் அளவுகோலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மகள் அச்சைத் தன் பக்கம் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் அதையும் மறு கையால் தன் முகத்தையும் தடவிப் பார்த்தாள். மேட்டுக்கு மேடு, வளைவுக்கு வளைவு. கண்ணைத் திறந்தபோது அதில் கோபம் இருந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சு. எனக்கு வேண்டாம்னு நான் தூக்கிப் போட்டது உன் மூஞ்சியில வந்திருக்குன்னு எப்படிச் சொல்றது."

மகள் அச்சைத் தூக்கி அம்மா முன்னால் வைத்தாள். பிறகு, இந்த மூக்கு திரும்ப வேண்டுமா என்று கேட்டாள்.

"எனக்கு எதுக்கு. இப்ப இருக்கிறது நான் கேட்டு வாங்கினது, எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் நர்ஸம்மா. அப்படிச் சொன்னபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது நிஜம்.

சின்ன டாக்டர் தாளை எடுத்து, அடியில், "கேட்டது: ஏழு. இருப்பது: ஏழு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்து வருஷம் கழித்து உலகம் மறுபடி மொட்டுக்குத் திரும்பினால் அப்போது வாருங்கள், பேசிக்கொள்ளலாம், என்றார். மகள் முதல்முறையாகச் சிரித்தாள். சுவரை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. ஏழாம் எண்ணைக் கேட்ட மூன்று பேரையும் பதினொன்றைக் கேட்ட பையனையும் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடுவது, மறு வரிசையையும் பக்கத்திலேயே மாட்டிவிடுவது, வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும், என்று முடிவாயிற்று. அச்சுக்கு இரண்டு ஓட்டை வீதம் தச்சருக்கு இன்னும் நாற்பது ஆணி.

மத்தியானம் நர்ஸம்மா அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மகளோடு கண்ணாடிக் கடைக்கு நடந்தாள். கடையில் வாடிக்கையாளர் யாருமில்லை. அவர் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் காலை முறுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும், திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பா, உங்களுக்கு எல்லாம் தெரியுமா?" என்றாள் மகள்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"ரெண்டு மூக்குக்கும் நான்தானேம்மா கண்ணாடி போட்டேன்" என்றார்.

"அப்புறம் ஏம்ப்பா? நான் எத்தனை தடவை உங்களைத் திட்டியிருக்கேன். உங்களாலதான் எனக்கு இப்படின்னு."

"நீ திட்டறப்ப கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அத்தனை நல்ல மூக்கை என்னோடதுன்னு நாலு பேர் சொல்றப்ப, யாருக்கு இல்லைன்னு சொல்ல மனசு வரும்?"

மகள் கல்லாவைச் சுற்றிக்கொண்டு போய் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலைக்கு மேலாக மனைவியைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். நர்ஸம்மா கண்ணைத் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டாள். அது வழக்கம்போல் வழுக்கி நுனியில் வந்து நின்றது.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவால் கேட்க முடியாததை அவள் கேட்டாள். "உங்களுக்கு எதுப்பா பிடிச்சிருந்துச்சு? அதா, இதா?"

அவர் கையை நீட்டி நர்ஸம்மாவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தாங்கிகளை விரலால் லேசாக நெருக்கினார்.

"அந்த மூக்குல கண்ணாடி ஜம்முனு நிக்கும்" என்றார். "ஒரு தடவை வாங்கிட்டுப் போனா அதோட சரி, திரும்ப வரவே மாட்டா. இது வழுக்கும். வாரா வாரம் வந்துருவா."

கண்ணாடியை இரண்டு கையாலும் அவளுக்கு மாட்டிவிட்டார். அது இந்த வாரத்துக்கு நிற்கும்.